வேலை இருக்கு, வரலை

"ஏண்டா, அந்தப் பார்ட்டியில பொம்பளைங்க எல்லாம் வந்து ஆடுவாங்களாமே, நெஜமா?"

2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கே எடிசனில் வெளியே பனி. திருவனந்தபுரத்திலிருந்து அக்கா போனில் கேட்ட முதல் கேள்வி இது. நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

விஷயம் இதுதான். அக்கா மகனுக்கு 2025 தை மாதக் கடைசியில் திருவனந்தபுரத்தில் கல்யாணம். பையன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நண்பர்களோடு வர்க்கலாவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு இரவு தங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறான். பெயர், பேச்சிலர் பார்ட்டி. அக்காவுக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும். மிச்சத்தை டிவி சொல்லிக் கொடுத்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுக்கா. பசங்க சேர்ந்து சாப்பிடுவாங்க, கடல் பார்ப்பாங்க, கொஞ்சம் குடிப்பாங்க, தூங்குவாங்க" என்றேன்.

"குடிப்பாங்களா?"

உண்மையைச் சொன்னால் வரும் வினை :-)

நம் வீடுகளில் இப்போது இது அடிக்கடி வரும் பேச்சு. கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் இப்படி ஒன்றைத் திட்டமிடுகிறார்கள். 2009-ல் வந்த 'தி ஹேங்ஓவர்' படத்தையும், 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா'வையும் பார்த்து வளர்ந்த தலைமுறை. முதல் படத்தில் லாஸ் வேகஸ், இரண்டாவதில் ஸ்பெயின். நம் பிள்ளைகளுக்கு வர்க்கலா, கோவா, ஊட்டி. பெற்றவர்கள் பலர் இதைக் கலாசாரக் கேடு என்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் இதைத் திட்டமிடும் முறையில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் கூட்டாளிகள் ஓர் இரவு கூடுவது ஒன்றும் இறக்குமதி இல்லை. எங்கள் பக்கத்தில், அதாவது திருவனந்தபுரத்துக்குத் தெற்கே தொடங்கி நாகர்கோவில் வரை, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி 'காய்கறி வெட்டு' என்று ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் எல்லாம் ஒரே ராஜ்யம். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழக்கம் ஒன்றுதான். அக்கம்பக்கம் எல்லாரும் கத்தியும் பலகையுமாக வந்து உட்காருவார்கள். அவியலுக்கு ஒரே அளவில் நறுக்கவேண்டும் என்று ஒரு பெரியவர் மிரட்டிக்கொண்டே இருப்பார். மாப்பிள்ளையை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள். ஒரு மூலையில் சீட்டு நடக்கும். பந்தலுக்குப் பின்னால் இன்னொன்றும் நடக்கும். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது கேட்டரிங்காரர் வந்துவிட்டார். காய் வெட்டின மெஷினோடு வருகிறார். அந்த ராத்திரி போய்விட்டது. பிள்ளைகள் அதற்குப் பதிலாக வேறொன்றைத் தேடிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். காய்கறி வெட்டுக்கு வர யாரும் காசு கொடுக்கவில்லை. சொல்லப்போனால் வராமல் இருப்பதுதான் கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அக்கா போனை வைத்த பிறகு மருமகனைக் கூப்பிட்டேன். (அக்கா மகன் எனக்கு முறைக்கு மருமகன். எனக்குப் பெண் இல்லை, அவன் தப்பித்தான்.) பெருமையாகத் திட்டத்தை அனுப்பி வைத்தான். அழகான எக்செல் தாள். மாப்பிள்ளை தவிர பத்துப் பேர். அமெரிக்காவிலிருந்து நான்கு, பெங்களூரிலிருந்து இரண்டு, திருவனந்தபுரம் - நாகர்கோவில் பக்கம் நான்கு.

நீச்சல் குளத்தோடு கடல் பார்த்த வில்லா, இரண்டு இரவுக்கு 84,000 ரூபாய். போக வர வண்டி 18,000. சாப்பாடு 36,000. குடி 40,000. டீ-ஷர்ட், அலங்காரம், படம் எடுக்க ட்ரோன்காரர் 22,000. ஆக மொத்தம் இரண்டு லட்சம். மாப்பிள்ளைக்குக் கணக்கில்லை. பத்தால் வகுத்தால் தலைக்கு 20,000.

சியாட்டில் பையனுக்கு அது 230, 240 டாலர். இங்கே ஒரு வாரக் கடைசிக்கு வெளியே போனாலே ஆகிற காசு. தாளில் ஒன்பது பெயருக்கு நேரே பச்சை நிறம். ஒரு பெயருக்கு நேரே சிவப்பு. பக்கத்தில் ஒரு வரி: 'வேலை இருக்கு, வரலை.'

அது மருமகனின் சித்தப்பா பையன். நாகர்கோவிலில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. சம்பளம் மாதம் 18,000 என்று அவனே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் அத்தான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மருமகனால் அமெரிக்காவிலிருந்து வர முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. ராத்திரி ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் பைக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன் இந்தப் பையன்தான். மாப்பிள்ளையின் கொண்டாட்டத்தில் இல்லாமல் போகும் ஒரே ஆள் அவன். அது ஏன் என்று அந்தத் தாளைப் பார்த்த யாருக்கும் தோன்றவில்லை.

"மாமா, நான் கேட்டேனே. அவனே வேலை இருக்குன்னு சொல்லிட்டான்" என்றான் மருமகன். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறான்.

நான் நம்பவில்லை. காரணம், அதே வரியை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

1999. நான் வளர்ந்தது திருவனந்தபுரத்தில், சாலைக் கம்போளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா கம்போளத்தில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். கல்லூரிக் கடைசி வருடம், கூட்டாளிகள் எல்லாம் பொன்முடிக்கு இரண்டு நாள் போகத் திட்டமிட்டார்கள். தலைக்கு 350 ரூபாய். வீட்டில் கேட்டிருந்தால் அப்பா எங்கேயாவது புரட்டிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. போகிற அன்று காலை வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்கள் பேச்செல்லாம் பொன்முடிதான். வளைவில் வண்டி நின்றது, அட்டை கடித்தது, ராத்திரி குளிரில் ஒரே போர்வையை நான்கு பேர் இழுத்தது. நான் சரியான இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இன்றும் நண்பர்கள். இந்தப் பதிவைப் படிக்கும்போதுதான் வயிற்றுவலிக் கதை அவர்களுக்குத் தெரியப்போகிறது.

அன்று ராத்திரி (அவனுக்குக் காலை) நாகர்கோவிலுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "மாமா, போகலைன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. போனாத்தான் தெரியும்."

இதற்கு மேல் நான் என்ன எழுத?

அதனால் என் கருத்து இதுதான். இப்படி ஒரு வாரக் கடைசியைத் திட்டமிடும்போது கூட்டத்தில் வலுத்தவர் யார் என்று பார்க்காதீர்கள். எல்லாவற்றிலும் மெலிந்தவர் யார் என்று பாருங்கள். காசில் மெலிந்தவர், குடியில் மெலிந்தவர், நீச்சலில் மெலிந்தவர், வீட்டைவிட்டு வர இருக்கும் சுதந்திரத்தில் மெலிந்தவர். அவரால் சங்கடமில்லாமல் வர முடிகிற மாதிரி திட்டம் போட்டால் மற்றவர் எல்லாருக்கும் அது தானாகப் பொருந்தும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காசு

"அப்ப அவனோட பங்கை நான் கொடுத்திடறேன் மாமா" என்றான் மருமகன் உடனே. நல்ல மனசு. ஆனால் தப்பான வழி. ஒருவனுக்கு மட்டும் இன்னொருவன் கொடுத்தால் வீடு முழுக்க அந்தப் பேச்சு இருக்கும். வாய்விட்டு யாரும் பேசமாட்டார்கள், அது இன்னும் மோசம். அவன் இரண்டாவது தோசைக்குக் கை நீட்டும்போதே யோசிப்பான்.

மாற்றவேண்டியது கணக்கை. பெங்களூர் நண்பன் ஒருவன் (கெட்டிக்காரன்) இதைப் புரிந்துகொண்டு தாளைத் திருத்தினான். வில்லா போயிற்று. கடலிலிருந்து பத்து நிமிட நடையில் நான்கு அறை உள்ள ஒரு வீடு, இரண்டு இரவுக்கு 24,000. அதை வெளியூரிலிருந்து வரும் ஆறு பேரும் ஆளுக்கு 4,000 போட்டு, 'மாப்பிள்ளைக்கு எங்கள் கல்யாணப் பரிசு' என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நான்கு பேரும் கல்யாண வேலையெல்லாம் செய்யப்போகிறவர்கள், அது அவர்கள் பரிசு. வீட்டில் சமைத்துப் போடும் அம்மாவுக்கும் மீனுக்கும் காய்கறிக்குமாக 16,000. ரயில், ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,000. இந்த 20,000 மட்டும் பத்துப் பேருக்கும் பொது, தலைக்கு 2,000. ட்ரோன் இல்லை. டீ-ஷர்ட் இல்லை.

வண்டி எதற்கு என்று கேட்டதும் நான்தான். திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பதினொரு பேர் ஒரே பெட்டியில் ஏறிப் போவதைவிட நல்ல தொடக்கம் ஏது? குடித்துவிட்டு யார் வண்டி ஓட்டுவது என்ற கேள்வியும் அதோடு ஒழிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். கேட்கும் விதம். குழுவில் எல்லார் முன்னாலும் 'தலைக்கு இவ்வளவு, ஓகேவா?' என்று கேட்டால் எல்லாரும் கட்டைவிரலைத்தான் தூக்குவார்கள். முடியாதவன் இரண்டு நாள் கழித்து 'வேலை இருக்கு' என்பான். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, தொகையைச் சொல்லாமல், 'உன்னால எவ்வளவு முடியும்?' என்று முதலில் கேளுங்கள். வருகிற பதில்களில் குறைந்ததை வைத்து வீடு தேடுங்கள். யார் சொன்ன தொகை அது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

குடி

அமெரிக்காவிலிருந்து திட்டமிட்டவர்கள் தேர்ந்தெடுத்த தேதி ஜனவரி 31 வெள்ளி முதல் பிப்ரவரி 2 ஞாயிறு வரை. கேரளத்தில் வளர்ந்தவன் எவனாவது அந்தத் தேதியைப் பார்த்தால் சிரிப்பான். மாதத்தின் முதல் தேதி அங்கே 'டிரை டே', மதுக்கடை திறக்காது. சம்பளம் வாங்கின அன்றே எல்லாம் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்று வந்த ஏற்பாடு. கொண்டாட்டத்தின் நடு நாளான சனிக்கிழமை சரியாகப் பிப்ரவரி 1 :-)

தெரியாதவர்களுக்காக இன்னும் சில. கேரளத்தில் சில்லறை மது விற்பனை பெரும்பாலும் அரசின் பெவ்கோ கடைகளில்தான். குடிக்கச் சட்டப்படி வயது 23. அமெரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் 21 என்பதால் நம் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுகிறார்கள். கூட்டத்தில் 22 வயதுத் தம்பி ஒருவன் இருந்தால் அவனுக்கு வாங்கிக் கொடுப்பது சட்டப்படி தப்பு. ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய அளவுக்கும் உச்சவரம்பு உண்டு, விஸ்கி பிராந்தி வகையறா என்றால் மூன்று லிட்டர். கடற்கரை போன்ற பொது இடத்தில் குடிப்பது குற்றம். களியக்காவிளை தாண்டி டாஸ்மாக் சரக்கைக் கொண்டு வரும் சாகசமும் வேண்டாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது சட்டம் இல்லை. முதல் தாளில் குடிக்கு 40,000 பொதுக் கணக்கில் இருந்தது. பத்துப் பேரில் மூன்று பேர் குடிப்பதே இல்லை. தாங்கள் தொடாத பாட்டிலுக்கு ஆளுக்கு 4,000! குடிக்காதவன் இதைக் கேட்டால் 'கஞ்சன்' என்பார்கள், அதனால் கேட்கமாட்டான். எனவே குடி எப்போதும் தனிக் கணக்கு. குடிக்கிறவர்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியம், குடிக்காத மூன்று பேருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த வீட்டில் என்ன வேலை? மற்றவர்களுக்கு வாந்தி வந்தால் தலை பிடிப்பது மட்டும்தானா? அவர்களுக்கும் சேர்த்து அந்த ராத்திரி இருக்க வேண்டும். சீட்டு, கேரம், பழைய போட்டோ, மாப்பிள்ளையை ஓட்டுவது. காய்கறி வெட்டில் இதெல்லாம் தானாக இருந்தது. இப்போது திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

கடல்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2024 மே 6-ம் தேதி. திருச்சியில் மருத்துவம் படித்த மாணவர்கள் ஒரு குழுவாக, ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்திருந்தார்கள். கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். அலை இழுத்ததில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த நாட்களில் கேரள, குமரிக் கடற்கரைகளுக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. நம் மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்ட சொல். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் கீழ்ப்பகுதியில் புயல் அடித்தால் அங்கே எழும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திருடன் மாதிரி ஏறி வரும். பெரும்பாலும் மழைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் வரும், மற்ற மாதங்களில் வராது என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்பும் முன் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் எச்சரிக்கை இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள்.

கோவளத்திலும் வர்க்கலாவிலும் லைஃப் கார்டுகள் இருக்கிறார்கள். பகலில்தான். அவர்கள் சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்கக் கூடாது, விசில் அடித்தால் வெளியே வந்துவிட வேண்டும். பேச்சிலர் பார்ட்டிக்காரர்கள் கடலில் இறங்குவது எப்போது? ராத்திரி, இருட்டில், குடித்துவிட்டு, 'டேய் வாடா, பயந்தாங்கொள்ளி' என்று நீச்சல் தெரியாதவனையும் இழுத்துக்கொண்டு. அமெரிக்காவில் குளத்தில் நீந்தப் பழகியவன் கடலிலும் நீந்தத் தெரியும் என்று நினைக்கிறான். இரண்டும் வேறு.

இங்கேயும் அதே விதிதான். கூட்டத்தில் நீச்சல் தெரியாத ஒருவன் இருந்தால் அது நீச்சல் தெரியாத கூட்டம். லைஃப் கார்டு இருக்கும்போது கால் நனையுங்கள், மாலையில் பாறை மேட்டிலிருந்து சூரியன் மறைவதைப் பாருங்கள். மேட்டின் விளிம்புக்குப் போகாதீர்கள், அந்தப் பாறை அரிந்துகொண்டே இருக்கிறது. முதல் கோப்பை ஊற்றின பிறகு கடல் மூடியாயிற்று. இதை வீட்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையே சொல்ல வேண்டும், அவன் சொன்னால்தான் கேட்பார்கள்.

பெண்கள்

மணப்பெண் நாகர்கோவில்காரி, பெங்களூரில் வேலை. அவளும் தோழிகளோடு கோவளத்தில் ஒரு வீடு எடுக்கப் பார்த்தாள். ஏழு பெண்கள் என்றதும் ஒரு வீட்டுக்காரர், "கூட ஆண்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். பதினொரு ஆண்கள் குடிக்க வீடு கேட்டபோது யாரும் இப்படிக் கேட்கவில்லை. பெண்கள் மட்டும் என்றால் சந்தேகப்படுகிற வீட்டில் தங்காமல் இருப்பதே நல்லது. அவளும் விட்டுவிட்டாள்.

ஆனால் அவளுடைய பெரிய பிரச்சினை அது இல்லை. ஏழு பேரில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. இன்னொருத்திக்குக் கல்யாணமாகி ஆறு மாதம், ராத்திரி வெளியே தங்குவதை மாமியார் வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 'நீ தைரியமா சொல்லணும்டி' என்று மற்றவர்கள் புத்தி சொன்னார்களாம். புத்தி சொல்வது சுலபம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பிப் போய் முகம் பார்க்க வேண்டியவள் அவள்.

மணப்பெண் என்ன செய்தாள் தெரியுமா? ராத்திரியையே எடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை, திருவனந்தபுரத்தில் ஒரு தோழியின் அத்தை வீடு. மருதாணி, சாப்பாடு, பாட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டம். குழந்தை ஓர் அறையில் தூங்கியது. ஏழு பேரும் வந்தார்கள். தங்க விரும்பிய மூன்று பேர் ராத்திரியும் தங்கினார்கள். பையன்களைவிட அவள்தான் இதைச் சரியாகப் புரிந்துகொண்டாள், யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை, இது இரு பாலாருக்கும். யார் கையில் கோப்பை இருக்கிறது, யார் என்ன உடுத்தியிருக்கிறார் என்பது உங்களுக்கு வேடிக்கை. பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பனுக்கு அது வேடிக்கையாக இருக்காது. படத்தில் இருக்கும் எல்லாரும் சரி என்று சொல்லாமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது.

தேதியும் வீடும்

தேதி முடிவு செய்யும் முன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். மாசி வாக்கில் ஆற்றுக்கால் பொங்கல் அன்று நகரத்தில் தெரு முழுக்க அடுப்பும் பெண்களும்தான், வண்டி நகராது. ஐப்பசி, பங்குனி ஆறாட்டு நாட்களில் பத்மநாப சுவாமி விமான நிலைய ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் போவார், சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். உலகத்தில் வேறெங்கே இப்படி! கர்க்கடக வாவு (நம் ஆடி அமாவாசை) அன்று வர்க்கலா பாபநாசம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் பலிதர்ப்பணம் செய்வார்கள். அந்தக் கரையில் அன்று போய்க் கூத்தடிக்க வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'குடும்பத்தோடு ஆறு பேர்' என்று சொல்லிப் பதினொரு பேர் போய் இறங்கினால் வாசலிலேயே சண்டை. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், எனவே கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், ஓசிஐ அட்டை மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது, நாடு முழுக்க அதுதான் சட்டம். பக்கத்து வீட்டில் காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களும் இந்தக் கணக்கில் மெலிந்தவர்கள்தான், அவர்களை யாரும் குழுவில் சேர்த்துக் கேட்கவில்லை.

ஒரு மறுப்பு

என் மனைவி இதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஒருத்தருக்காகப் பத்துப் பேரும் ஆசையைக் குறைச்சுக்கணுமா? பசங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர்றாங்க. நல்ல வில்லாவுல தங்கினா என்ன தப்பு?"

தப்பே இல்லை. சம்பாதிக்கிறார்கள், செலவு செய்யட்டும். அந்த ஆறு பேர் மட்டும் தாய்லாந்துக்கே போகட்டும், நான் கை தட்டுவேன். ஆனால் அதை 'நாங்க எல்லாரும்' என்று சொல்லக் கூடாது. எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு, சிலரால் மட்டும் நுழைய முடிகிற வாசலைக் கட்டக் கூடாது. வாசலில் நின்று திரும்பிப் போகிறவன் சண்டை போடமாட்டான். வேலை இருக்கு என்பான், வயிற்றுவலி என்பான். நாமும் நம்பிவிடுவோம். வெளிநாடு வந்தவர்கள் பல உறவுகளை இழந்தது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டையில் இழந்தது குறைவு.

சரி, கடைசியில் என்ன ஆயிற்று?

புதுத் தாள் போனதும் நாகர்கோவில் தம்பி வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கவில்லை என்று எழுதினான். எனக்குப் பகீர் என்றது. ஆனால் இந்த முறை அது நிஜமான வேலை. சனிக்கிழமை காலை ரயில் பிடித்து வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பிவிட்டான்.

எனக்கு ஒரு படம் வந்தது (எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்களாம், அத்தனை பயமுறுத்தியிருக்கிறேன்). வீட்டுத் திண்ணையில் பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் மடியிலும் வாழையிலை, இலையில் கப்பையும் மீன் கறியும். அவன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கிறான். எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறான். மற்ற பத்துப் பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கும் அந்தப் படம் போயிருக்கிறது. போன் செய்தாள்.

"இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்? இதை நம்ம வீட்டுத் திண்ணையிலேயே செஞ்சிருக்கலாமேடா!"

பி.கு.: பொன்முடிக்கு இன்னும் போகவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் பழைய கூட்டாளிகள் யாராவது அடுத்த முறை கூப்பிட்டால் வருகிறேன். என் பங்கு 350 ரூபாயை அப்படியே வைத்திருக்கிறேன்.